பதினோராவது பாட்டில் ஒரு கிறீச்

“என்கிட்ட இல்லைன்னு போன்லயே மூணு தடவை சொல்லிட்டேன். அப்புறமும் வாசல்ல வந்து நின்னா என்ன அர்த்தம்?” கதவைப் பாதி மட்டும் திறந்துகொண்டு கேட்டார் தூசி சார்.

பழைய சி.டி. விற்கிற கடைகளில் அவருக்கு அதுதான் பெயர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எந்த சி.டி.யைக் கையில் கொடுத்தாலும் சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். மனிதர்களை அப்படித் துடைக்க முடியாததால் வீட்டுக்குள் விடுவதில்லை என்று கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

“தாகம் சார். தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போயிடறோம்,” என்றார் பாஸ்.

பாஸ் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். அங்கே சலித்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஆபீஸில் ஒரு மேசை, ஒரு பீரோ, அப்புறம் நான். என் உயரத்தைப் பார்த்து எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்கே அவ்வளவாக ஞாபகமில்லை.

எங்களோடு மூன்றாவதாக வந்திருந்தவர்தான் கேஸ் கொடுத்தவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நான் கண்ணாடியக்கா என்று கூப்பிடுவேன். வயது இருபத்தொன்பது. அவருக்குக் காது நரம்பில் இரண்டு பக்கமும் கட்டி. இடது காது போன வருஷமே போய்விட்டது. வலது பக்கக் கட்டியை நாளைக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். கட்டியோடு நரம்பும் போகும், அதற்குப் பிறகு எதுவும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குள் அவருக்கு ஒரே ஒரு குரலைக் கேட்க வேண்டும். அவரைப் பெற்றுப் போட்டுவிட்டு அன்றைக்கே செத்துப்போன அம்மாவின் குரல்.

தூசி சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போனார். அந்த அரை நிமிஷம் பாஸுக்குப் போதும். ஹாலின் நான்கு சுவரிலும் சி.டி.கள், அகர வரிசையில், நடுவில் நகம் நுழையாத நெருக்கத்தில்.

“சார், ‘ம’ வரிசையில ஒரே ஒரு இடத்துல சந்து விழுந்திருக்கு,” தம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார் பாஸ். “பக்கத்துல இருக்கிறது சாஞ்சு நிக்குது. இந்த வீட்டுல ஒரு சி.டி. சாஞ்சு நிக்க நீங்க விடுவீங்களா? நேத்து நான் போன் பண்ணினப்புறம் எதையோ உருவி ஒளிச்சு வச்சிருக்கீங்க.”

“கணக்கு வாத்தியாரே, கழித்தல் கணக்குல மாட்டிக்கிட்டீங்களே!” என்றேன்.

“இந்த ஒட்டடைக்குச்சி யாரு?”

“என்கூட வேலை பாக்கிறான். வாயைக் கட்டிப்போட முடியல, மன்னிச்சிடுங்க.”

“இருக்கு. யாருக்கும் தர மாட்டேன்,” என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார் தூசி சார். “அதுக்காகப் பதினாலு வருஷம் அலைஞ்சிருக்கேன்.”

அதுவரை எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியக்கா முன்னால் வந்தார்.

“எனக்கு வேண்டாம் சார், நீங்களே வச்சுக்குங்க. ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, அது போதும். எங்கம்மா குரலை நான் கேட்டதே இல்ல. நாளையிலிருந்து யார் குரலும் எனக்குக் கேக்காது.”

தூசி சார் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அந்த சி.டி. இருந்தது. துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். முதலில் சி.டி.யைத் துடைத்தார், அப்புறம் அதே துணியால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

‘மழைப் பதினாறு’. மழையைப் பற்றிய பதினாறு சினிமாப் பாட்டுகளைப் பொறுக்கி ஒரே தட்டில் போட்ட தொகுப்பு. வெளியிட்ட கம்பெனி இழுத்து மூடி எத்தனையோ வருஷமாகிறது. வெளியான ஒரே மாதத்தில் கம்பெனியே கடை கடையாகப் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சரிசெய்த இரண்டாவது பதிப்பை இறக்கியது. இரண்டுக்கும் ஒரே அட்டை, ஒரே படம். தட்டின் நடுவில் பளபளக்கிற வளையத்தில் பொடியாக ‘1’ என்றோ ‘2’ என்றோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘2’ போட்டது எங்கேயும் கிடைக்கும். ‘1’ போட்டது கிடைக்காது.

ஏன் திரும்ப வாங்கினார்கள் என்பதுதான் விஷயம். பதினோராவது பாட்டில் பெரிய பாடகிக்குப் பதில் வேறு யாரோ பாடியது தவறுதலாக ஏறிவிட்டது என்று சி.டி. சேர்க்கிறவர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு.

அந்த வேறு யாரோ கண்ணாடியக்காவின் அம்மா. அவர் டிராக் பாடுகிறவர். பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்கும்வரை வேறொருத்தர் பாட்டைப் பாடி வைப்பார். பெரிய பாடகி வந்து, அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, தன் குரலில் பாடுவார். பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். இந்த அம்மா அப்படி இருநூறு பாட்டுக்கு மேல் பாடியவராம். அச்சு அசல் பெரிய பாடகி மாதிரியே பாடுவதால் ரெக்கார்டிங் தியேட்டரில் ‘நிழல்’ என்றே கூப்பிடுவார்களாம். இருநூறும் அழிந்துவிட்டது. போன வருஷம் அப்பா செத்த பிறகு அவருடைய இரும்புப் பெட்டியிலிருந்து, அம்மா கைப்பட எழுதிய பாட்டுத்தாள் ஒன்று கிடைத்தது. அது இந்தப் பதினோராவது பாட்டு. அதை எடுத்துக்கொண்டுதான் கண்ணாடியக்கா பன்னிரண்டு நாள் முன்னால் எங்களிடம் வந்தார்.

அட்டை அடையாளத்துக்காகத் தன்னிடம் இருந்த இரண்டாவது பதிப்பையும் கொடுத்திருந்தார். பன்னிரண்டு நாளாக அது என் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. மேசை கறையாகக் கூடாதே என்ற அக்கறைதான்.

“ரெண்டாவது பதிப்பு வெறும் குப்பை,” என்று தட்டைப் பொருத்திக்கொண்டே சொன்னார் தூசி சார். “பதினோராவது பாட்டுல குரல் நடுவுல விட்டு விட்டு வரும். போதாததுக்குக் கிறீச்சுன்னு ஒரு சத்தம். தட்டு அடிச்சதுல கோளாறு. இதைக் கேளுங்க. கடைசி வரி மட்டும் பாதியில வெட்டியிருக்கும். மத்தபடி பாலாட்டம் இருக்கும்.”

கண்ணாடியக்கா ஹெட்போனை வலது காதில் அழுத்திக்கொண்டார். சத்தத்தை முழுக்க ஏற்றச் சொன்னார். பாட்டு ஹெட்போனைத் தாண்டி எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

‘வாசல் வரை வந்த மழை வாசலோடு நின்றதென்ன’ என்ற வரியில் அவர் முகம் கோணிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தூசி சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கூரையைப் பார்த்தேன். கூரை எனக்குப் பக்கம்தான்.

பாஸ் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. பாட்டுத்தாளின் நகலை மடியில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார்.

“அம்மா எவ்வளவு நல்லாப் பாடியிருக்கா!” கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியக்கா பாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “போதும்க்கா. இனி காது போனா போகட்டும். எனக்குப் பயமே இல்ல.”

“ஒரு மணிக்குள்ள ஆஸ்பத்திரில சேரணுமே, கிளம்பும்மா,” என்று மட்டும் சொன்னார் பாஸ். எங்கள் காரிலேயே கொண்டுவிடலாம் என்று நான் சொன்னதைக் கேட்காமல், ஒரு டாக்ஸி பிடித்து அவரை ஏற்றிவிட்டார். கண்ணாடியக்கா கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையசைத்துக்கொண்டே போனார்.

“கேஸ் முடிஞ்சுது! பாஸ், இன்னிக்கு நீங்க எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்,” என்றேன்.

“அது அவங்கம்மா இல்ல.”

எனக்குச் சுரீரென்றது. பாஸ் காருக்குள் ஏறி, பாட்டுத்தாளை என் பக்கம் நீட்டினார். “வரிகளுக்கு நடுவுல பென்சில் கோடு இருக்கு பாரு. என்ன அது?”

“சும்மா கிறுக்கினதுன்னு அக்கா சொன்னாங்களே.”

“பாடறவங்க சும்மா கிறுக்க மாட்டாங்க. மூச்சு எடுக்கிற இடம் அது. ‘வாசல் வரை’, கோடு. ‘வந்த மழை’, கோடு. ‘வாசலோடு’, மறுபடியும் கோடு. ஒரே வரில மூணு இடத்துல மூச்சு. இப்ப நாம கேட்டதுல அந்த வரி முழுசும் ஒரே மூச்சுல வந்துது. பாட்டு முழுக்க ஒரு கோடு கூடப் பொருந்தல. அது பெரிய பாடகியோட குரல்தான், நெட்டை. ஊர்ப்பேச்சை நம்பி மோசம் போயிட்டோம்.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்ஸியிலிருந்து அசைந்த கை கண் முன்னால் நின்றது.

“பாஸ், ஒரு தடவையாவது நான் சொல்றதைக் கேளுங்க. சொல்லாதீங்க. அம்மா பாடினதுன்னு நினைச்சுச் சந்தோஷமா ஆபரேஷனுக்குப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?”

“நாளையிலிருந்து ஆயுசு முழுக்க அவ மனசுக்குள்ள ஓடப்போறது ஒரே குரல்தான். அது வேற யாரோ ஒருத்தி குரலா இருக்கலாமா? உன் அம்மாவா இருந்தா நீ விடுவியா?” பாஸ் கையை நீட்டினார். “உன் டீ தட்டு எங்க?”

அட்டையை ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்ததைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் வட்டம் வட்டமாக டீக்கறை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டைக் காரின் பிளேயருக்குள் தள்ளிப் பதினொன்றை அமுக்கினார்.

‘வாசல் வரை…’ ஒரு சின்ன மூச்சு. ‘வந்த மழை…’ மறுபடி மூச்சு. ‘வாசலோடு…’

பாஸின் விரல் ஒவ்வொரு பென்சில் கோட்டிலும் வந்து நின்றது. ஒன்று கூடத் தப்பவில்லை. இரண்டாவது சரணத்தில் கிறீச் என்று சத்தம் வந்தது. அதற்கு மட்டும் தாளில் கோடு எதுவும் இல்லை.

“அடக் கடவுளே,” என்றேன். 

“வண்டிய எடு. உள் அட்டையில ஒலிப்பதிவாளர் பேர் போட்டிருக்கு. தூசி சாருக்கு அவர் வீடு தெரிஞ்சிருக்கும், கேட்டுக்கலாம். நான் நினைக்கிறது நிஜம்தானான்னு ஒருத்தர் வாயால கேட்டுட்டு அவகிட்டப் போகணும். ரெண்டாவது தடவை தப்புச் சொல்ல என்னால முடியாது.”

ஒலிப்பதிவாளரின் வீடு மூன்றாவது மாடியில். எழுபது தாண்டியவர். மருமகள் வேலைக்குப் போயிருந்ததால் சமையலறை மேசையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாஸ் எதையும் விளக்கவில்லை. என் பழைய கையடக்க பிளேயரை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டார்.

இரண்டு வரி போவதற்குள் பெரியவரின் கை நின்றுவிட்டது. கிறீச் சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“இருபத்து மூணு வருஷமாச்சு. யாராவது வந்து கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்,” என்றார். “யாரும் வரல.”

“நிழல் பாடினதுதானே?”

“அவதான். எல்லா டிராக்கையும் என் கையாலதான் அழிச்சேன். இதைப் பாடிட்டுப் போய்ப் பத்தாம் நாள் பிரசவத்துல போயிட்டான்னு சேதி வந்துது. அப்புறம் இந்த ஒண்ணை அழிக்கக் கை வரல. ஒரு டேப்புல எடுத்து, அதே பாட்டுப் பேரைப் போட்டு, பெரியம்மா, அதான் அந்தப் பெரிய பாடகி, பாடின டேப்புக்குப் பக்கத்துலயே வச்சுட்டேன். அங்கதான் புத்தி கெட்டுப் போச்சு.”

ஆறேழு வருஷம் கழித்துத் தொகுப்பு வந்ததாம். முதல் பதிப்பில் பதினோராவது பாட்டின் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தது. அதற்குத்தான் கம்பெனி எல்லாவற்றையும் திரும்ப வாங்கியதே ஒழிய, குரல் மாறியதற்கு அல்ல. அந்த ஒரு பாட்டின் டேப்பை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அவசரத்தில் பக்கத்து டப்பாவை எடுத்து அனுப்பிவிட்டார்.

“சி.டி. வந்ததும் வீட்டுல போட்டுக் கேட்டேன். குப்புன்னு வேர்த்துது. வேலை போயிடும். சொல்லிடலாம்னு போனைக் கையில எடுத்தேன். அதுக்குள்ள பாட்டு முடியற இடம் வந்துடுச்சு. சொன்னா இதையும் அழிச்சுடுவாங்கன்னு தோணுச்சு. போனை வச்சிட்டேன்.” பூண்டுத் தோலை விரலால் ஒதுக்கினார். “பெரியம்மாவுக்குத் தன் பாட்டைத் தானே கேக்கிற வழக்கம் கிடையாது. கேட்டவங்க தட்டுல கோளாறுன்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அந்த விட்டு விட்டு வர்ற மூச்சு?”

“நிறைமாசம்மா அவளுக்கு. ஒரு வரி முழுசாப் பாட முடியல. மைக் முன்னால யாரும் உக்காந்து பாட மாட்டாங்க, எல்லாரும் நின்னுதான். இவளால நிக்கவும் முடியல. நான்தான் என் மர நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டேன்.”

“அப்ப அந்தக் கிறீச்…”

“நாற்காலிதான். ரெண்டாவது சரணத்துல வயித்துல இருந்தது ஒரு உதை விட்டுடுச்சு. இவ துள்ளிட்டா, நாற்காலி கத்திடுச்சு. ஆனா பாட்டை நிறுத்தல பாருங்க! முடிச்சிட்டுச் சிரிச்சா. இன்னொரு தடவை எடுத்துடலாம்மான்னேன். ‘எப்படியும் அழிக்கப் போறதுதானே சார், இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போயிட்டா.”

பெரியவர் ஒரு பூண்டுப் பல்லை எடுத்து, உரிக்காமலே கீழே வைத்தார்.

“அந்தக் குழந்தை பொழைச்சுதா?” என்று கேட்டார்.

“பொழைச்சுது,” என்றார் பாஸ். “மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்குது.”

பெரியவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஐந்தேகால். பார்வை நேரம் ஆறு வரைக்கும்தான். கண்ணாடியக்காவுக்கு வலது காதைச் சுற்றி முடியை வழித்துவிட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

“இப்பவும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குக்கா, அம்மா குரல்.”

பாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாய் அசைவு தெரியும்படி நேருக்கு நேராக, நிதானமாக, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நான் ஜன்னலருகே நின்றுகொண்டேன். சிரிப்பு முதலில் உதட்டிலிருந்து போனது, அப்புறம் கண்ணிலிருந்தும் போனது. அதை நின்று பார்ப்பதற்கு, நான் இந்த வேலைக்கு வராமல் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கவே போயிருக்கலாம்.

“காலையில சொல்லியிருக்கலாமே!” கத்தினார். “நான் யாருக்காக அழுதேன்? எவளோ ஒருத்திக்காக அழுதேனா?”

“காலையில எனக்குப் பாதிதான் தெரியும்மா. மீதி தெரியாம உன்கிட்ட வர மனசில்ல.”

நான் சி.டி.யை நீட்டினேன். டீக்கறை படிந்த அட்டை. அவர் அதையே வெறித்துப் பார்த்தார்.

“இதுவா? இது என் சி.டி.யாச்சே. எனக்கு ஆறு வயசு இருக்கும்போது அப்பா வாங்கிட்டு வந்தது. இருபத்து மூணு வருஷமா என் அலமாரியிலேயே கெடக்குதே!” அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு காதும் நல்லா இருந்தப்ப எத்தனை தடவை போட்டிருப்பேன். பதினோராவது பாட்டுல அந்தக் கிறீச் வந்தாலே பல்லு கூசும். உடனே அடுத்த பாட்டுக்குத் தாவிடுவேன். ஒரு நாள் கூட முழுசாக் கேட்டதில்லையேக்கா, ஒரு நாள் கூடக் கேட்டதில்லையே!”

அலமாரியில் இருந்ததைத் தேடித்தான் பன்னிரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளில் அவருடைய காது இன்னும் மங்கியிருந்தது. நான் அதன்மேல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பிளேயரை மடியில் வைத்து, ஹெட்போனை வழித்த காதில் மெதுவாகப் பொருத்தினேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. “கேக்குதாக்கா?” என்று கையால் கேட்டேன். “தூரத்துல,” என்றார்.

முதல் சரணம் போயிற்று. ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய மார்பும் ஏறி இறங்கியது. இரண்டாவது சரணம் வந்ததும், பழக்கதோஷம், அவருடைய கட்டைவிரல் தானாகவே அடுத்த பாட்டு பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. பாஸ் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

கிறீச்.

அவர் திடுக்கிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டார். ஏன் தொட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதற்குப் பின்னால் இருந்த வரிகளை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். கடைசி வரியும் வெட்டுப்படாமல் முழுசாக வந்து முடிந்தது.

நர்ஸ் வாசலில் வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். பாஸ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாஸ் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நர்ஸ் கண்ணாடியக்காவைப் பார்த்தாள், வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“தம்பி, மறுபடியும் போடுறியா?” என்றார் கண்ணாடியக்கா.

“முதல்லேருந்தா அக்கா?”

“இல்ல. அந்தச் சத்தம் வர்ற இடம் மட்டும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதுல மட்டும்தான் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோம்.”

நான் பொத்தானை அமுக்கிப் பின்னால் தள்ளினேன். நர்ஸ் திரும்பி வருகிற வரைக்கும், திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.